உற்றவன் பங்கு

கிள்ளான் பட்டணத்திலிருந்து ஜாலான் மேரு வழியே வடக்கு நோக்கிப் போனால் எங்கள் ஊர் வந்துவிடும். புராணத்து மேரு மலைக்கும் எங்கள் மேருவுக்கும் பெயரைத் தவிர வேறு பொருத்தம் எதுவும் கிடையாது. மலை இல்லை, செம்பனை உண்டு, தொழிற்சாலைகள் உண்டு, அவற்றுக்கு இரவு பகல் பாராமல் போய்வரும் லோரிகள் உண்டு. 16 வயது நிறைந்ததும் மோட்டார் லைசென்ஸ் எடுப்பது எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு சடங்கு மாதிரி. நானும் எடுத்தேன். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, 2014இல், ஒரு வெள்ளிக்கிழமை மாலை விடுதியிலிருந்து வீட்டுக்குத் திரும்புகையில், வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது விழுந்தேன்.

ஒரு லோரி என்னை ஒதுக்கியதால் விழுந்தேன் என்று பல ஆண்டுகள் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். லோரி ஒன்று அந்தச் சாலையில் இருந்தது உண்மை. ஆனால், அது எனக்கு ஐம்பது மீட்டர் முன்னால் போய்க்கொண்டிருந்தது. மழை விட்ட ஈரச் சாலையில், வளைவில், நான்தான் அதை முந்தப் பார்த்தேன். இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில் இந்தக் கட்டுரை பொறுப்பைப் பற்றியது. விபத்துக்கான பொறுப்பைப் பற்றியதன்று, அதற்குப் பிறகு வரும் பொறுப்பைப் பற்றியது.

வலது தொடை எலும்பு முழங்காலுக்குச் சற்று மேலே முறிந்திருந்தது. அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்து, தகடு வைத்துத் திருகாணி முடுக்கினார்கள். எலும்பைப் பொறுத்தவரை அது மிக நல்ல வேலை. மறுநாளே ஒரு பிசியோ அம்மையார் வந்து, "காலை ஊன்றக் கூடாது, ஆனால் முழங்காலை மடக்க வேண்டும், இன்றிலிருந்தே" என்றார். இயன்முறை மருத்துவர் என்று நம் அகராதிகள் சொல்வது இவர்களைத்தான். நான் மடக்கிப் பார்த்தேன். அந்த வலியை இங்கே வருணிக்கப் போவதில்லை. விழுந்தபோதுகூட அப்படி வலிக்கவில்லை என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஏழாம் நாள் வீட்டுக்கு வந்தேன். நம் வீடுகள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கூடத்தில் மெத்தை, பக்கத்தில் மின்விசிறி, எதிரில் தொலைக்காட்சி. காப்பாரிலிருந்து பெரியம்மா விரால் மீன் சூப்போடு வந்தார். இந்த விரால் மீன் விஷயத்தில் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற வேறுபாடே நம் நாட்டில் இல்லை. அறுவைச் சிகிச்சை என்றால் எல்லார் வீட்டு அடுப்பிலும் அது கொதிக்கும். நான் அதைக் கேலி செய்யவில்லை. சுவையான சூப்தான். ஆனால், சூப்போடு கூடவே ஒரு கட்டளையும் வந்தது. "கால அசைக்காதய்யா. எலும்பு கூடுற நேரம். அந்தப் பொண்ணு சொல்லுச்சுன்னு மடக்கி, கம்பி கிம்பி கழண்டுடப் போவுது." அம்மா அதற்கு மேலே போனார். "நீ ஒண்ணும் செய்ய வேணாம்பா. அம்மா இருக்கேன்ல?"

தண்ணீர் குடிக்கக்கூட நான் எழவில்லை. எல்லாம் கைக்கு வந்தது. அன்பு என்றால் இதுதான் அன்பு; அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால், உண்மையைச் சொன்னால், அம்மாவும் பெரியம்மாவும் சொன்னதை நான் நம்பியதால் அசையாமல் கிடக்கவில்லை. அறிவியல் படிக்கிற மாணவன் நான். அசையாமல் கிடந்தால் தசை கரையும், மூட்டு இறுகும் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. வலிக்காமல் இருப்பதற்கு ஒரு பெரியவரின் அனுமதி கிடைத்துவிட்டது, அவ்வளவே.

படுக்கை என்ன செய்யும் என்பதற்கு நம் வயதுப் பையன்களை வைத்தே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், எந்த நோயும் இல்லாத 20 வயது இளைஞர்கள் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கச் செய்தார்கள். எழுந்தபோது, கடும் உழைப்பின் உச்சத்தில் உடல் பயன்படுத்தும் உயிர்வளியின் அளவு கால் பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. பிறகு பயிற்சி கொடுத்து அதை மீட்டார்கள். கதை அதோடு முடியவில்லை. முப்பது ஆண்டு கழித்து, 1996இல், அதே ஐவரையும் தேடிப்பிடித்து மீண்டும் சோதித்தார்கள். ஐம்பது வயதாகி, தொந்தியும் போட்டிருந்த அவர்களுக்கு, முப்பது ஆண்டு முதுமை செய்த கேடு, இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை செய்த கேட்டைவிடக் குறைவாகவே இருந்தது! நான் மூன்று வாரம் அல்ல, ஏறக்குறைய மூன்று மாதம் அப்படிக் கிடந்தேன்.

வாரம் ஒரு முறை பிசியோவுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். முதல் இரண்டு முறை போனேன். பிறகு காரணங்கள் பிறந்தன. மழை. வயிற்றுப்போக்கு. இரவு தூக்கமில்லை. "இன்னைக்கு ரொம்ப வலிக்குதுப்பா, அடுத்த வாரம் போவோம்." போகிற நாள்களிலும் அந்த அம்மையார், "வீட்டில் செய்தாயா?" என்று கேட்பார். "செய்தேன்" என்பேன். அவர் என் தொடையைப் பார்ப்பார். இடது தொடையில் பாதிதான் இருந்தது வலது தொடை. அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஒன்றும் பேசமாட்டோம்.

ஐந்தாம் மாதம் என் முழங்கால் 60 பாகைதான் மடங்கியது. நாற்காலியில் உட்காரவே ஏறத்தாழ 90 வேண்டும். பேருந்து இருக்கையில் கால் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும், கழிப்பறையிலும் அப்படியே. மயக்கம் கொடுத்து மூட்டை வலுவில் மடக்கிவிடலாம், ஆனால் அதற்குப் பிறகும் தினமும் பயிற்சி செய்யாவிட்டால் மறுபடி இறுகிவிடும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். அன்றைக்குத்தான் பிசியோ அம்மையார் வாய் திறந்தார்.

"அடேக், ஒரு வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?"

கணக்குப் போட்டேன். 168.

"அதில் நான் உன் காலோடு இருப்பது அரை மணி நேரம். மிச்சம் 167 மணி அரை நேரம் யாருடையது?"

மலாயில், குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அவரைப் பற்றிக் குறை சொல்லியிருப்பேன்.

திருக்குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம் உண்டு, 95ஆவது. பள்ளியில் படித்திருப்போம், அளவோடு உண்பதைப் பற்றிய குறள்கள்தான் தேர்வில் வரும். அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள் தேர்வில் வருவதில்லை. மருத்துவம் என்பது நான்கு பகுதி கொண்டது என்கிறார் வள்ளுவர். நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவன். யாரை முதலில் வைத்திருக்கிறார் என்று பாருங்கள். மருத்துவனை அல்ல, மருந்தை அல்ல, உற்றவனை. யாப்புக்காக அப்படி வைத்தார் என்று சொல்பவர் சொல்லட்டும். அதற்கு உரை எழுதிய பரிமேலழகர் இன்னும் ஒரு படி போய், நான்கு பகுதியும் ஒவ்வொன்றும் நந்நான்கு கூறு உடையவை என்று விரிக்கிறார். நோயாளிக்கு வேண்டியவை என்று அவர் சொல்பவற்றை என் சொற்களில் தருகிறேன். கையில் பொருள் வேண்டும். மருத்துவர் சொன்ன வழியில் நிற்க வேண்டும். தன் நோயின் நிலையை உள்ளபடி எடுத்துச் சொல்ல வேண்டும். மருந்து தரும் துன்பத்தைப் பொறுக்க வேண்டும்.

இந்த உரையை நான் படித்தது, படுக்கையில் கிடந்தபோதல்ல. கழகத்தின் பட்டிமன்றத்துக்குக் குறிப்பெடுக்க நூலகத்துக்கு ஊன்றுகோலோடு போன ஒரு நாளில். பட்டிமன்றத்துக்கு அது உதவவில்லை. ஆனால், யாரோ என் மருத்துவக் கோப்பைப் பார்த்து எழுதிவைத்தது போல் இருந்தது. மருத்துவர் வழி நிற்கவில்லை. உள்ளதைச் சொல்லவில்லை, பொய் சொன்னேன். துன்பத்தைப் பொறுக்கவில்லை. ஆக, நான்கில் மூன்று போயிற்று. நான்காவதான பொருள்? அதில்தான் எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது.

அரசு மருத்துவமனையில் பணம் பெரிய விஷயமல்ல என்று நினைத்திருந்தேன். நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். ஆனால், என்னைத் தூக்கிக் காரில் உட்கார வைத்து, கிள்ளானுக்குக் கொண்டுபோய், காத்திருந்து, திரும்பக் கொண்டுவர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அப்பா. அவர் தொழிற்சாலையில் நாள் சம்பளக்காரர். "இன்னைக்கு வேணாம்பா" என்று நான் போர்வையை இழுத்துப் போர்த்திய ஒவ்வொரு நாளும் அவர் ஏற்கெனவே சம்பளமில்லா விடுப்புச் சொல்லியிருந்தார். விடுப்பைத் திரும்பப் பெற முடியாது. அந்த நாள்களில் அவர் வீட்டு முன்னால் வடிகாலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஏன் இன்று வேலைக்குப் போகவில்லை என்று நான் கேட்கவும் இல்லை. இரண்டாண்டு கழித்து அம்மா ஏதோ பேச்சுவாக்கில் சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது. என் உடல், என் வலி, என் விருப்பம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒன்றுக்கு இன்னொருவர் கூலி கொடுத்துக்கொண்டிருந்தார்.

நண்பர்களே, இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும் என்பது தெரியும். நோயாளியின் பொறுப்பு என்று பேசத் தொடங்கினால், அது கடைசியில் நோயாளியைக் குற்றம் சொல்வதில் போய் முடியும் என்று சொல்வோர் உண்டு. அவர்கள் சொல்வதில் நிறைய உண்மை இருக்கிறது. நம் சமுதாயத்தின் பெரிய நோயான இனிப்பு நீரையே எடுத்துக்கொள்வோம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். இந்த எண்ணைக் கேட்டதும் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "நம்ம பரம்பரை அப்படி, என்ன செய்றது" என்பது ஒன்று. "வாயைக் கட்டாததுதான் காரணம்" என்பது மற்றொன்று.

இரண்டுக்கும் சென்னையில் நடந்த ஓர் ஆய்வில் பதில் இருக்கிறது. நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரை மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் ஏறக்குறைய மூன்றாண்டு தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்துவிட்டது. நடைக்கும் உணவுக் கட்டுப்பாட்டுக்கும் முறையாகப் பழக்கப்பட்டவர்களில் 39 விழுக்காட்டினருக்கு வந்தது. பரம்பரை என்று கைவிரிப்பவர்களுக்கு இந்த 16 விழுக்காட்டு வேறுபாடு பதில். ஆனால், அதே எண்ணை மறுபக்கமும் புரட்டிப் பார்க்க வேண்டும். சொன்னதையெல்லாம் செய்யப் பழகிய கூட்டத்திலும் 100க்கு 39 பேருக்கு நோய் வந்தே தீர்ந்தது. அவர்களைப் பார்த்து, "நீ ஒழுங்காக நடந்திருந்தால்" என்று சொல்ல எவருக்கு உரிமை இருக்கிறது? பலனுக்கு நாம் பொறுப்பாளி ஆக முடியாது. நம் பங்குக்குத்தான் ஆக முடியும். பலன் வராதவனைப் பங்கு செய்யாதவன் என்று முடிவுகட்டுவது அநியாயம்.

பலனே வராது என்று முன்கூட்டியே தெரிந்த நிலையில் பங்கு என்ன என்பதற்கு எனக்குத் தெரிந்தவரை தெளிவான விடை, தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் இருக்கிறது. எஸ். இராமகிருஷ்ணன் 1975இல் பொறியியல் மாணவர். அதாவது உங்கள் வயது. கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் பெங்களூர் போனவர், அங்கே உடல்திறன் சோதனையில் தவறி விழுந்து கழுத்தில் தண்டுவடம் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தார். அவர் பிறகு எழுந்து நடக்கவில்லை. எந்தப் பயிற்சியும் அவரை நடக்க வைத்திருக்க முடியாது. 1981இல் தம் கிராமத்தில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சையளித்த இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரிலிருந்து எடுத்த 'அமர்' அது. உடற்குறையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி, பயிற்சி, செயற்கை உறுப்பு, தொடக்கநிலையிலேயே கண்டறிந்து சிகிச்சை என்று அது வளர்ந்தது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். 'நடக்க முடியாதவர் சாதித்தார்' என்ற வகைப் பாராட்டு எனக்கு ஒவ்வாது. எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. தம்மால் ஆகாதது எது, ஆவது எது என்று பிரித்துப் பார்த்து, ஆவதை எடுத்துக்கொண்டார். எனக்கோ ஆவது முழுவதும் ஆகக்கூடியதாகவே இருந்தது. நான் எடுத்துக்கொள்ளவில்லை.

பாராட்டைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நம் தன்முனைப்புக் கருத்தரங்குகளில் காயத்திலிருந்து மீண்டவர்களின் கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால், அவற்றில் எப்போதும் நடுப்பகுதி காணாமல் போயிருக்கும். 2011 பிப்ரவரியில் மான்செஸ்டரில் நம் சைக்கிளோட்ட வீரர் அஸிஸுல்ஹஸ்னி அவாங் விழுந்தபோது, ஓடுதளத்து மரச்சிராய் ஒன்று, 20 சென்டிமீட்டர் நீளம், அவர் கெண்டைக்காலை ஊடுருவி நின்றது. அந்தப் படத்தை நாம் எல்லாரும் பார்த்தோம். 2017இல் அவர் கெய்ரின் பிரிவில் உலக வெற்றியாளரான படத்தையும் பார்த்தோம். இரண்டு படங்களுக்கும் நடுவே ஆறாண்டு இருக்கிறது. அதை யார் படம் பிடித்தார்கள்?

சுதா சந்திரன் கதையும் அப்படித்தான். பரதம் பயின்ற தமிழ்ப்பெண். 1981இல் திருச்சி அருகே பேருந்து விபத்தில் அடிபட்டு வலது காலை இழந்தார். ஜெய்ப்பூர்ச் செயற்கைக் கால் பொருத்தி 1984 ஜனவரியில் மும்பையில் மீண்டும் மேடையேறினார். தம் கதையான 'மயூரி' படத்தில் தாமே நடித்தார். படத்தில் ஒரு பாட்டுக்குள் அந்த நடுப்பகுதி முடிந்துவிடும். வாழ்க்கையில் அது ஆண்டுகள். வெட்டிய காலின் முனை செயற்கைக் காலில் உரசி இரத்தம் கசியக் கசியத்தான் அடவு பழகினார் என்பது அவர் பல முறை சொன்ன செய்தி.

அந்த ஜெய்ப்பூர்க் காலைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்குமுன் இந்தியாவில் கிடைத்த மேல்நாட்டுப் பாணிச் செயற்கைக் கால்கள் சப்பாத்து போட்டு நாற்காலியில் உட்காருபவர்களுக்காகச் செய்யப்பட்டவை. நம்மவர்களோ வெறுங்காலில் நடப்பவர்கள், தரையில் உட்காருபவர்கள், வயலில் இறங்குபவர்கள். அதிகம் படிக்காத கைவினைஞரான இராமசந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் சேர்ந்து 1960களின் இறுதியில் இரப்பராலும் மரத்தாலும் செய்த கால், குந்தி உட்காரவும் சம்மணம் போடவும் விடும். சம்மணம் போடுவது மனிதனுக்கு எவ்வளவு முக்கியம் என்று சர்மாவுக்குப் புரிந்திருந்தது. எனக்கு அது புரிந்தது, ஆடி மாதக் கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்கு எல்லாரும் தரையில் வரிசையாக அமர, என்னை மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில், பாட்டிமார் பக்கத்தில் உட்கார வைத்தபோது. 22 வயது எனக்கு.

மறுநாள் காலை தொடங்கினேன். சிறப்பாக ஒன்றுமில்லை. தரையில் உட்கார்ந்து, குதிகாலுக்கு அடியில் பிளாஸ்டிக் பை போட்டு வழுக்கி வழுக்கி இழுப்பது. அப்பாவின் பழைய கைலியைப் பாதத்தில் மாட்டிக் கையால் இழுப்பது. வீட்டு வாசற்படியில் ஏறி இறங்குவது. ஒரு நாளைக்கு மூன்று வேளை. இடைநிலைப்பள்ளிக் கணிதப் பெட்டியில் இருந்த பாகைமானியை எடுத்து, தங்கையை விட்டு அளக்கச் சொல்லி, நோட்டில் எழுதினேன். 62. 62. 64. 61. முதல் மாதம் முழுவதும் இப்படித்தான். மோட்டிவேஷன் என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள்; எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. நோட்டில் வெற்றிடம் விடக் கூடாது என்ற பிடிவாதம் ஒன்றுதான் இருந்தது. மயக்க மருந்து கொடுத்து ஒரு முறை மூட்டை மடக்கினார்கள். அதன்பிறகு எண்கள் ஏறின. 85. 90. 97.

மிகக் கடினமானது வலி அல்ல. அம்மாவிடம் "விடுங்கம்மா, நானே எடுத்துக்கிறேன்" என்று சொல்வதுதான். முதல் முறை சொன்னபோது அம்மாவின் முகம் வாடிவிட்டது. தன் வேலையைப் பிடுங்கிக்கொண்டது போல உணர்ந்தார். பிறகு நானே ஒரு வேலை கொடுத்தேன். மூன்று வேளையும் கடிகாரத்தைப் பார்த்து, "மணி ஆச்சு, இறங்கு கீழே" என்று சொல்ல வேண்டும். இரண்டே வாரத்தில் பிசியோ அம்மையாரைவிடக் கண்டிப்பான ஆளாகிவிட்டார். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவரும் மருத்துவத்தில் நான்கில் ஒரு பகுதி என்று வள்ளுவர் சொன்னார் அல்லவா? அந்தப் பகுதிக்கும் பயிற்சி வேண்டும். அன்பு மட்டும் போதாது.

இனிக் கழகத்துக்கு வருகிறேன். நம்மில் ஒருவர் அடிபட்டால் நாம் என்ன செய்கிறோம்? புலனக் குழுவில் கூப்பிய கைகள் குவியும். நன்கொடை திரட்டுவோம். பழக்கூடையோடு பத்துப் பேர் போய்ப் படமெடுத்துக்கொண்டு வருவோம். பிறகு தவணைத் தேர்வு வந்துவிடும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எனக்கும் செய்தார்கள், எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. ஆனால், பழக்கூடை வந்தது முதல் வாரத்தில். என் முழங்கால் இறுகியது மூன்றாம் மாதத்தில்.

வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெர்க்கேசோ இருக்கிறது. வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்து நேர்ந்தாலும் அது பார்த்துக்கொள்ளும். 2007இலிருந்து பணிக்குத் திரும்பும் திட்டம் என்று ஒன்றை நடத்தி, ஆளுக்கு ஓர் அதிகாரியை வைத்துத் தொடர்ந்து கவனிக்கிறார்கள். 2014இல் மலாக்காவில் மறுவாழ்வு மையமும் திறந்தார்கள். அடிபட்ட தொழிலாளி பிசியோவுக்கு வராவிட்டால் கூப்பிட்டுக் கேட்க ஓர் ஆள் இருக்கிறார். விடுதியிலிருந்து வீட்டுக்கு மோட்டாரில் போய் விழுந்த மாணவனை அப்படிக் கூப்பிட்டுக் கேட்க யாரும் இல்லை. ஏன் அந்த ஆள் நாமாக இருக்கக் கூடாது? பெரிய நிதி வேண்டாம். கார் வைத்திருக்கும் நான்கு பேர், ஓர் அட்டவணை, பன்னிரண்டு வாரம். வாரம் ஒருவர் கூட்டிப் போனால் அந்தப் பிள்ளையின் தகப்பனார் வேலைக்குப் போகலாம். கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க நம் முன்னாள் மாணவர்கள் இருக்கிறோம்; ஷா ஆலாமிலோ பிரிக்பீல்ட்ஸிலோ வேலை செய்கிறவர் அரை நாள் விடுப்பு எடுத்தால் குடி முழுகிவிடாது.

ஆனால், அந்த நான்கு பேருக்கு ஒரு நிபந்தனை. வாசலில் கார் வந்து நிற்கும்போது அந்தப் பிள்ளை "இன்னிக்கு வலிக்குது அண்ணே" என்று சொல்லலாம். சொல்வான், நான் சொன்னேன். தூக்கிப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. திட்டவும் கூடாது. வலிக்கும் என்பது உண்மைதான் என்று ஒத்துக்கொண்டு, எஞ்சினை அணைக்காமல் வாசலில் காத்திருக்க வேண்டும். எழுந்து வருவது அவன் வேலை.

சென்ற டிசம்பரில் இப்படி ஒரு தம்பியைப் பார்க்கப் போனேன். எங்கள் ஊரிலிருந்து அதிகத் தூரமில்லை. கூடத்தில் மெத்தை, மின்விசிறி, தொலைக்காட்சி. அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று கேட்கத் தேவையில்லாத வாசனை. அவனுடைய அம்மா, "அசைக்காம பாத்துக்கிறோம் தம்பி" என்றார் பெருமையாக. சூப் நன்றாயிருக்கிறது என்று ஒரு கிண்ணம் குடித்தேன். பிறகு என் நோட்டை எடுத்துக் காட்டினேன். முதல் பக்கத்தில் 62, 62, 64, 61. கடைசிப் பக்கத்தில் 118. அதற்கு மேல் இனிப் போகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்; முதல் மூன்று மாதத்தை நான் வீணாக்காமல் இருந்திருந்தால் போயிருக்கலாம். முழுச் சம்மணம் எனக்கு இன்றும் வராது. ஒரு காலை மடக்கி மறு காலைப் பக்கவாட்டில் நீட்டி ஒருவாறு தரையில் உட்காருவேன்.

"இத யாருண்ணே அளந்தாங்க?" என்று கேட்டான்.

"என் தங்கச்சி."

அவனுக்குத் தங்கை இல்லை. சமையலறை வாசலில் நின்றிருந்த அவன் அம்மாவிடம் பாகைமானியைக் கொடுத்து, எங்கே வைத்துப் பார்க்க வேண்டும் என்று காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். 48.